ஒரே புகை, இரண்டு மீட்டர்

11 நவம்பர் 2025, செவ்வாய்

இனி இந்த நோட்டில் எழுதப் போவது, வரிசையாக:

1. வசந்தியின் காரில் இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்கள். ஒரே புகையைப் பார்த்துவிட்டு வேறு வேறு எண் சொல்கின்றன. எப்போது, எவ்வளவு வித்தியாசம் என்பது முதலில்.
2. எர்த் வயர் தளர்ந்திருக்கிறதா?
3. புகைக்குழாயில் கசிவு.
4. பெட்ரோல். இப்போது எத்தனால் கலந்து வருகிறது. மீட்டரின் கணக்கு அதற்கு ஒத்துவருகிறதா?
5. என் கை. இரண்டாவது சென்சாருக்கு அளவுத்திருத்தம் செய்தவன் நான். தவறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.
6. 30-ஆம் தேதி வசந்தி ஓட்டுகிறாளா, இல்லையா.

லேப் விதிப்படி எழுதுகிறேன். பேனா மட்டும். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. அடியில் இருப்பது படிக்கும்படி ஒரே கோடு. பக்கத்தில் கையொப்பம், தேதி. முப்பத்தொரு வருடம் அழுத்தம் அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுத்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது.

எழுபது வயதில் ஒருவன் மனைவியின் பந்தயக் காருக்கு நோட்டுப் போடுகிறான். யாராவது படித்தால் சிரிப்பார்கள். நானே சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வேலையை விட்ட பிறகு இப்படி ஒரு துடிப்பு எனக்கு வந்ததில்லை.

கார், மூன்றாவது மாடி தினேஷ் கனடா போகும்போது வசந்தி அவனிடம் வாங்கியது. மஞ்சள் நிறம், சின்ன எஞ்சின், புகையின் விசையால் சுழன்று அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ. தினேஷ் அதன் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி வேகம் ஏற்றி வைத்திருந்தான். வங்கியின் விவசாய அதிகாரியாக இருபது வருடம் மேதக் கிராமங்களில் ஜீப் ஓட்டியவள் வசந்தி. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இத வேற யாருக்கும் குடுத்துராத தம்பி" என்று சொல்லிவிட்டாள். ஆகஸ்டில், நகருக்கு வடக்கே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி. பெண்கள் பிரிவில் அவளும் நின்றாள். இரண்டாம் ஓட்டத்தின் பாதியில் எஞ்சின் விளக்கு எரிந்து வண்டி உறங்கிப்போயிற்று.

போலாரத்தில் வண்டியைச் சீரமைக்கும் ஸ்ரீகாந்த், சென்னைப் பந்தயத் தடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். தெலுங்கர், தமிழ் சரளம். அவர் சொன்னது: "ரெண்டு சென்சாரும் ஒண்ணு சொல்ற வரைக்கும் நான் லேப்டாப்பத் தொட மாட்டேன் அங்கிள். நக்கோ."

அடுத்த போட்டி 30-ஆம் தேதி. இன்னும் பத்தொன்பது நாள்.

12 நவம்பர், புதன்

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்துவிடும். ஆகவே எழுதி வைக்கிறேன். மீட்டர்கள் காட்டும் எண்ணின் பெயர் லாம்ப்டா. எரியும் பெட்ரோலுக்குச் சரியான அளவு காற்று இருந்தால் 1. அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல். முழு ஆக்ஸிலரேட்டரில் பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் எஞ்சின் சூடு தாங்கும். 0.85 பக்கம் இருப்பது நல்லது. 0.90-க்குப் பக்கம் போனால் பிஸ்டன் உருகலாம்.

வசந்தி காலையில் ஓட்டிப் பதிவு செய்து வந்தவை (முதல் எண் காரோடு வந்த கம்பெனி சென்சார், அடுத்தது தனியாகப் பொருத்திய நம் சென்சார்):

நின்றபடி ஓடும்போது: 1.00, 1.00.
மெதுவாகப் போகும்போது: 1.00, 1.00.
மூன்றாம் கியரில், ஆக்ஸிலரேட்டரில் மூன்று விநாடி முழு அழுத்தம்: 0.80, 0.85.

சாதாரணமாகப் போகும்போது ஒற்றுமை. வேகம் எடுத்தால் சண்டை. "நம்ம ரெண்டு பேருக்கும் நேர்மாறு" என்றாள் வசந்தி.

அவள் அந்த மூன்று விநாடி அழுத்தும்போது நான் காரில் இருப்பதில்லை. வீட்டில் இருந்து பதிவைப் படிப்பேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

13 நவம்பர், வியாழன்

எர்த் வயரைப் புதிதாக இழுத்தேன். மாற்றம் இல்லை. 2 முடிந்தது.

15 நவம்பர், சனி

கசிவுச் சோதனை. வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வண்டியின் புகைக்குழாயில் துணி சுற்றிச் செருகி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். கசிந்தால் அங்கே குமிழி வரும். செல்லாரில் (கீழ்த்தள பார்க்கிங்குக்கு இந்த ஊரில் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான், எனக்கும் அதுவே வருகிறது) நான் பாய் விரித்துக் காருக்கு அடியில் கிடந்தேன். இரண்டாவது மாடி அபயாம்பாள் பால் வாங்கி வந்தவர் நின்றுவிட்டார்.

"என்ன வசந்தி, உங்காத்துக்காரர் காருக்குத் தலைக்குக் குளிப்பாட்டி உலர்த்தறாரா?"

"ஆமாங்க மாமி, எண்ணெ தேய்ச்சது நானு. சாம்பிராணி மட்டும் பாக்கி."

ஒரு குமிழி கூட இல்லை. 3 முடிந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. ஆனாலும் என்ன ஒரு சந்தோஷம்! ஒன்று இல்லை என்று தெரிந்துகொள்வதும் தெரிந்துகொள்வதுதானே?

16 நவம்பர், ஞாயிறு

4-ம் முடிந்தது. லாம்ப்டாவில் அளந்தால் பெட்ரோலில் எது கலந்திருந்தாலும் சரியான அளவு 1-தான். இது எனக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

மிச்சம் இருப்பது 5. நினைத்ததுதான்.

18 நவம்பர், செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன். எழுத்து கோணுகிறது, மன்னிக்க வேண்டும் — யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்?

காலை பதினொன்றுக்குக் கரண்ட் போயிற்று. செல்லாரில் காரின் அருகே நின்றிருந்தேன். தூணுக்குப் பின்னால் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. டீசல் புகை. இருமல். இருமிக்கொண்டே அப்படியே நின்றுவிட்டேன்.

நம் சென்சாரை முதல் முறை பொருத்தும்போது சுத்தமான காற்றில் பிடித்து, 'இதுதான் வெளிக்காற்று, இதில் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம்' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அது அந்த அளவை வைத்துத்தான் எண்ணும். ஜூலையில் அதை நான்தான் செய்தேன். ஓடிப்போய் அப்போதைய நோட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் இருக்கிறது: "இடம்: செல்லார், தூண் 7. நேரம் 11.20. குறிப்பு: மின்தடை." மின்தடை என்றால் ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது! டீசல் புகை கலந்த காற்றைக் காட்டி 'இதுதான் சுத்தமான காற்று' என்று ஒரு கருவிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முப்பத்தொரு வருடம் சான்றிதழ் கொடுத்தவன்.

உடனே ஸ்ரீகாந்துக்குப் போன். "என் மீட்டரை நம்பாதீங்க. தப்பு முழுக்க என்னுது. கம்பெனி சென்சார்தான் சரி."

"பரவால்ல அங்கிள், இதுக்கு எதுக்கு இவ்ளோ சாரி? நாலு தடவ சொல்லிட்டீங்க."

வசந்தி காய் நறுக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். "ஏனுங்க, தப்பு உங்களுதுன்னு தெரிஞ்சா இத்தன குஷியா ஆகற ஆள நான் பாத்ததே இல்லீங்க."

"குஷி இல்லை. காரணம் கிடைச்சிருச்சில்ல?"

"தொண்ணூத்தெட்டுலயும் இப்புடித்தான். பிரஷர் கேஜ் விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, அவங்க கேள்வி கேக்கறதுக்குள்ள தப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து நின்னீங்க. அப்பறம் பாத்தா அந்தக் கேஜு உங்க பிரிவுக்கு வரவே இல்ல. புரமோஷன் அஞ்சு வருசம் தள்ளிப் போச்சு."

ஜூலை நோட்டை மறுபடியும் திறந்து பார்த்தேன். அன்றும் இன்றும் ஒன்றல்ல. இன்று எழுத்து மூலமான ஆதாரம் இருக்கிறது, என் கையெழுத்தில்.

19 நவம்பர், புதன்

காலை ஏழு மணி, மொட்டை மாடி, நல்ல காற்று. சென்சாரைக் கழற்றி எடுத்துப்போய் முறையாக மறுபடியும் அளவுத்திருத்தம் செய்தேன். திரும்பப் பொருத்தினோம். வசந்தி ஓட்டி வந்தாள்.

0.80, 0.86.

வித்தியாசம் குறையவில்லை. கூடிவிட்டது.

20 நவம்பர், வியாழன்

ஒன்றும் புரியவில்லை. சுத்தமான காற்றில்கூட எனக்குச் சரியாகச் செய்ய வரவில்லையா? கையில் பிடித்த விதமா? முழுக்கச் சூடாகும் முன் பட்டனை அழுத்திவிட்டேனா?

ஸ்ரீகாந்த் போன் செய்தார். இனி காத்திருந்தால் 30-ஆம் தேதிக்கு ஆகாது என்கிறார். "கம்பெனி சென்சாரையே வெச்சுப் போறேன் அங்கிள். முழு பூஸ்ட்ல 0.80 ரொம்ப ரிச். பெட்ரோலக் கொறச்சு 0.84க்குக் கொண்டாந்துட்டா ஆன்ட்டி பறப்பாங்க. உங்க மீட்டர அன்ப்ளக் பண்ணிரலாம், ஓகேவா?"

ஓகே என்றேன். என் மீட்டர் தப்பு என்று சொன்னவனே நான்தான். வேறு என்ன சொல்ல?

நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி போலாரம் போகிறது.

21 நவம்பர், வெள்ளி

இப்போது மாலை நான்கு. முழுதாக எழுத வேண்டும். ஒன்றும் விடக் கூடாது.

வசந்தி ஒன்பதே காலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் போகவில்லை. வெட்கம். இங்கே மேசையில் உட்கார்ந்து, எண்களையெல்லாம் ஒரு அட்டவணையாக நல்ல எழுத்தில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். மனம் சரியில்லாதபோது செய்யும் வேலை. கடைசிப் பத்தியில் 'என் பிழை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே கூட்டலா கழித்தலா என்று போடப் போனேன்.

பேனா நின்றுவிட்டது.

கெட்ட காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. குறைந்ததைக் காட்டி 'இது முழு அளவு' என்று சொல்லிக் கொடுத்தால், அந்தக் கருவி அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மிகைப்படுத்தித்தான் சொல்லும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதல் என்றால் 'ரொம்பக் கூடுதல்' என்று கத்தும். ஆனால் இங்கே கத்தியது எது? கம்பெனி சென்சார், 0.80. அடக்கிச் சொன்னது என்னுடையது.

குறியைப் பார்க்கவே இல்லை! கூட்டலா கழித்தலா என்று பார்க்காமல், தவறு என்னுடையது என்ற சத்தம் கேட்டதுமே ஓடிப்போய் ஒப்புக்கொண்டேன். மாடியில் திருத்தியதும் என் மீட்டர் இன்னும் அடங்கி 0.86 சொன்னதே, அது தோல்வி இல்லை. என் சிறு மிகை போனதன் அடையாளம். அப்படியானால் முழு அழுத்தத்தில் உண்மை 0.86. ஸ்ரீகாந்த் அதை 0.80 என்று நம்பிப் பெட்ரோலைக் குறைக்கப் போகிறார். அவர் 0.84 என்று நினைக்கும்போது எஞ்சினுக்குள் 0.90 ஓடும்.

ஸ்டியரிங்கில் வசந்தி.

மணி 9.50. அவளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஸ்ரீகாந்த், எடுக்கவில்லை. மூன்று தடவை. மெட்டுகுடா மெயின் ரோட்டுக்கு ஓடி — ஆமாம், ஓடி — ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "க்யா ஹுவா சாப், ஆஸ்பத்திரியா?" போலாரம் என்றேன். ஜல்தி என்றேன். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே போனேன்: இதிலும் தப்பாக இருந்தால்? இன்னொரு தடவை எல்லோர் முன்னாலும் தப்பாக இருந்தால்?

ஒர்க்‌ஷாப்பில் வண்டியின் முன்சக்கரங்களை டைனோவின் உருளைகளின் மேல் ஏற்றியிருந்தார்கள். கார் நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடும், அளக்கலாம். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி. உள்ளே வசந்தி, ஜன்னலருகே ஸ்ரீகாந்த் லேப்டாப்போடு. இரண்டு பேர் காதிலும் சத்தம் தடுக்கும் மூடி. நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. ஸ்ரீகாந்த் கையைத் தூக்கி 'அழுத்துங்க' என்று சைகை காட்டினார். எஞ்சின் சத்தம் ஏறியது.

சுவரில் சிவப்பு பட்டன் இருந்தது. எங்கள் லேபிலும் ஒன்று இருந்தது. முப்பத்தொரு வருடம் அதன் பக்கத்தில் நடந்துபோகும்போது சட்டை படாமல் ஒதுங்கிப் போவேன்.

அழுத்தினேன்.

மின்விசிறி நின்றது. திரையெல்லாம் இருண்டது. வசந்தி காலை எடுத்துவிட்டாள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்க," என்றேன். அதற்குள் எல்லாமே நின்றிருந்தது.

"ஏமைந்தி அங்கிள்? ஷாக் அடிச்சிருச்சா?"

"பெட்ரோலைக் குறைச்சாச்சா?"

"கொஞ்சம். ஒரு ரன் போயிருக்கு. ஏன்?"

"என் மீட்டர்தான் சரி."

இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். பதிவுக்காக: சாட்சிகள் இருவர்.

வசந்தி காரிலிருந்து இறங்கி வந்து என் காலைப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரு காலுல உங்க செருப்பு, இன்னொண்ணுல என்னுது."

ஸ்ரீகாந்த் கோபப்படவில்லை. குழம்பினார். "செவ்வாய்க்கிழமை உங்க மீட்டர் தப்புன்னீங்க. இன்னிக்கு ரைட்டுன்றீங்க. நான் எந்த அங்கிள நம்பறது?"

நியாயமான கேள்வி. யாரையும் நம்ப வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம் என்றேன். எண்ணி எண்ணிச் சொன்னேன். என் அளவுத்திருத்தம் தப்பு என்றால், பெட்ரோல் கூடும்போதெல்லாம் இரண்டு மீட்டரும் சண்டை போட வேண்டும், வண்டி சும்மா நின்றாலும்கூட. ஆகவே, நின்றபடி மெதுவாக ஓடவிட்டு, லேப்டாப்பிலிருந்து பெட்ரோலை மட்டும் கூட்டுங்கள். 0.85-க்கு.

ஸ்ரீகாந்த், கழற்றியிருந்த என் மீட்டரின் வயரைத் திரும்பச் செருகினார். பிறகு, "ஹவ், இது கரெக்ட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

எஞ்சின் முனகியது. எண்கள் இறங்கின. 0.95. 0.91. 0.88.

0.85, 0.85.

இரண்டும்! ஒரு புள்ளி பிசகவில்லை! நான் கை தட்டிவிட்டேன் என்று வசந்தி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

ஆக, பெட்ரோல் கூடுவது அல்ல காரணம். முழு அழுத்தத்தில் மட்டும் வேறு என்ன கூடுகிறது? இதை நான் கேட்பதற்குள் ஸ்ரீகாந்த் டார்ச்சோடு எஞ்சினுக்குள் தலையை விட்டுவிட்டார். நம் சென்சார் டர்போவுக்குப் பின்னால், புகை தளர்ந்து வெளியேறும் குழாயில். கம்பெனி சென்சார் டர்போவுக்கு முன்னால், புகை நெருக்கியடிக்கும் இடத்தில். அங்கே அழுத்தம் ஏறினால் இந்த வகை சென்சார் மிகைப்படுத்திச் சொல்லும். கம்பெனி அதற்குக் கணக்கு வைத்துத்தான் அனுப்பியிருக்கும், அவர்கள் விதித்த அழுத்தத்துக்கு. தினேஷ் வேகத்துக்காக அந்த அழுத்தத்தை ஏற்றினான்; அந்தக் கணக்கை ஏற்றவில்லை. யாரிடமும் பழுது இல்லை. சென்சார் இரண்டும் நல்லவை. நின்ற இடம்தான் வேறு.

அழுத்தம்! என் வேலையே அதுதானே!

ஸ்ரீகாந்த் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நுனி சூட்டில் வெளுத்திருந்தது. ஒரு ஓட்டத்துக்கே அப்படி. "இன்னும் மூணு ரன் பிளான் பண்ணியிருந்தேன்" என்றார். பிறகு, "நான் பாத்திருக்கணும் அங்கிள். சென்சார் எங்க இருக்குன்னு நான் பாத்திருக்கணும்."

இல்லை இல்லை, என் தவறுதான், செவ்வாய்க்கிழமை நான்தான் — என்று வாய் திறந்தேன். வசந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

22 நவம்பர், சனி

ஸ்ரீகாந்த், அழுத்தத்துக்குத் தக்கபடி கம்பெனி சென்சாரின் எண்ணைத் திருத்தும் அட்டவணையை ராத்திரியே எழுதி வைத்திருந்தார். காலையில் டைனோவில் அடியிலிருந்து முழு பூஸ்ட் வரை பதினான்கு நிலைகளில் ஓட்டினோம். எல்லா இடத்திலும் வித்தியாசம் 0.01-க்குள். முழு அழுத்தத்தில் 0.85, 0.85.

எண்களை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் காரில் உட்கார வேண்டும் என்றார். உருளைகளின் மேல்தான், வண்டி எங்கேயும் போகப் போவதில்லை. உட்கார்ந்தேன். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"கண்ண மூடிட்டு எப்புடீங்க நம்பர் படிப்பீங்க?" என்றாள் வசந்தி.

24 நவம்பர், திங்கள்

முதுகு இன்னும் வலிக்கிறது. அபயாம்பாள் தைலம் கொடுத்தனுப்பினார். காருக்கும் தடவச் சொன்னாராம்.

30 நவம்பர், ஞாயிறு

ஆகஸ்டில் முதல் ஓட்டம் 1 நிமிடம் 21.4 விநாடி. இன்று 1 நிமிடம் 13.8. பதினான்கு பேரில் ஆறாவது. அவளுக்கு முன்னால் வந்த ஐந்து பேரின் வயதைக் கூட்டினாலும் — சரி, கூட்டினால் அதிகம்தான் வரும். ஆனாலும்!

எஞ்சின் விளக்கு எரியவில்லை. மூன்று ஓட்டமும் முழுதாக முடித்தாள். கடைசி வளைவில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டாள், அதற்கு இரண்டு விநாடி தண்டனை; அதையும் சேர்த்துத்தான் 13.8. ஸ்ரீகாந்த் விசிலடித்தார். நான் ஓடுதளத்தின் ஓரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன், எதையோ கத்தியிருக்கிறேன். தொண்டை கட்டியிருக்கிறது.

மீட்டர் பதிவைப் பார்க்க மறந்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் ஞாபகம் வந்தது.

1 டிசம்பர், திங்கள்

நேற்றைய பதிவைப் பார்த்தேன். முழு அழுத்தத்தில் இரண்டும் 0.85. அடுத்தது பிப்ரவரியில். வசந்தி பெயர் கொடுத்துவிட்டாள்.

நோட்டை முடிக்கும் முன் முதல் பக்கத்துக்குப் போனேன். 1 முதல் 4 வரை டிக். 6-க்கு டிக். 5-இல் நின்றேன். விதிப்படி ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. 'தவறு பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்' என்பதன் மேல் இழுத்து, பக்கத்தில் கையொப்பம் போட்டேன், தேதி போட்டேன். லேபில் இப்படி அடித்தால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வசந்தியைக் கூப்பிட்டேன். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு, கோட்டுக்கு அடியில் இருந்ததை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

"இந்தக் கோட்ட தொண்ணூத்தெட்டு வரைக்கும் இழுக்க முடியுமாங்க?"

"அந்த நோட்டு லேபில இருக்கு."

"அதுஞ்சரி" என்று, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அளவாகச் சொல்ல வேண்டும். செல்லார் காற்றால் வந்த 0.01 என் தவறு. அது போன பிறகும் மீட்டர்களுக்கு நடுவே நின்ற 0.06 என் தவறு அல்ல. ஐந்தாவது குறிப்பு தவறு.